முழு ஏயூவா, கேனன் டைவர்ஜென்ஸா? ரெண்டுலயும் மாட்டிக்கிட்டவ சொல்றேன்

போன மாசம்தான் 31 சாப்டர் ஓடின ஒரு ஃபிக்கை (ஃபேன் ஃபிக்ஷன், ஏற்கனவே இருக்கற கதையோட கேரக்டர்களை வெச்சு ரசிகர்கள் எழுதற கதை) முடிச்சேன், கேனன் டைவர்ஜென்ஸ். அதுக்கு முன்னாடி ஆரம்பிச்ச காஃபி ஷாப் ஏயூ 11ஆவது சாப்டரோட நின்னுபோய் அப்படியே கெடக்கு, ஹையாட்டஸ்னு, அதாவது இடைவேளைன்னு போட்டு வெச்சிருக்கேன், ஒருத்தரும் நம்பல. "முதல் தடவை நீளமா எழுதப்போறேன், எதுல ஆரம்பிக்கட்டும்"னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா டைப் பண்ண சோம்பலா இருக்கு, அதான் இங்க. முதல்லயே சொல்லிடறேன், நான் டைவர்ஜென்ஸ் பக்கம்தான், நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீங்க.

தெரியாதவங்களுக்கு ஒரே மூச்சுல: மூலக்கதையில நடந்ததுதான் கேனன். முழு ஏயூன்னா (ஆல்டர்னேட் யுனிவர்ஸ்) கேரக்டர்களை மட்டும் அங்கேருந்து தூக்கிட்டு வந்து வேற உலகத்துல இறக்கி விடறது, டிடெக்டிவ் காஃபி போடுவான், வில்லன் எதிர் கடை வெச்சிருப்பான். டைவர்ஜென்ஸ்னா உலகம் அதேதான், ஏதோ ஒரு இடத்துல ஒரு ஆணியை மட்டும் பிடுங்கிடறோம், அதுக்கப்புறம் என்ன சரியுதுன்னு பார்க்கறோம். ஏஓ3ங்கற ஃபேன்ஃபிக் தளத்துல இது ரெண்டுமே ஆல்டர்னேட் யுனிவர்ஸ்ங்கற ஒரே டேக் குடும்பத்துலதான் வரும், அதனாலயே நிறைய பேரு ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சுக்கறாங்க. படிக்கறவங்களுக்கு வேணா கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கலாம், எழுதறவங்களுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆரம்பிக்கறது ஏயூலதான் சுலபம், அதுல பேச்சே இல்ல. மூலக்கதையை மறுபடி உட்கார்ந்து பார்க்க வேண்டாம், தேதி செக் பண்ண வேண்டாம், அந்த ஃபேண்டம் (ரசிகர் வட்டம்) பக்கமே வராதவங்ககூட வந்து படிச்சுட்டு குடோஸ் (லைக் மாதிரி) போட்டுட்டு போவாங்க. ஒன்ஷாட்டுன்னா, அதாவது ஒரே சாப்டர்ல முடியற கதைன்னா, கண்ணை மூடிட்டு ஏயூ எழுதுங்க. நான் இங்க பேசறது இருபது முப்பது சாப்டர் போற கதையைப் பத்தி, அங்க விஷயம் ஆரம்பிக்கறது இல்ல, ஆரம்பிச்சதைப் பராமரிக்கறது. பத்தாவது சாப்டருக்கு மேல ஒவ்வொரு வாரமும் கதை உங்ககிட்ட என்ன கேக்குது, அதைக் கொடுக்க உங்ககிட்ட என்ன மிச்சம் இருக்கு, அதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது.

ஏயூல என்ன ஆகும்னா, கேனன் உங்களுக்கு ஓசியில கொடுத்துட்டிருந்தது எல்லாம் போயிடும். அது போற வரைக்கும் அது எவ்வளவுன்னு தெரியாது. இந்த ரெண்டு பேரும் ஏன் ஒரே அறையில இருக்காங்க? ஹோம்ஸ் வாட்சன்னா வாடகையைப் பங்கு போட்டுக்கணும், அப்புறம் கேஸ் வந்துடும், துரத்தல் வந்துடும், ஒருத்தன் இல்லாம இன்னொருத்தனுக்கு வேலை ஓடாது. காஃபி ஷாப்ல அப்படி எதுவும் கிடையாது. கோவம் வந்தா கதவைத் திறந்துட்டு போயிட்டே இருக்கலாம், கதை முடிஞ்சுது. அவனைப் போகவிடாம வைக்கறதுக்கு ஒவ்வொரு சாப்டரும் ஒரு முட்டுக் கொடுத்தாகணும். பனியில மாட்டிக்கறது, லாட்ஜ்ல ஒரே ஒரு கட்டில்தான் இருக்கறது, சொந்தக்காரங்க முன்னாடி ஜோடி மாதிரி நடிக்கறது, இதெல்லாம் ஏன் எல்லா ஃபேண்டம்லயும் திரும்பத் திரும்ப வருதுன்னு ரொம்ப நாளா ஏதோ ரசனைன்னு நினைச்சிட்டிருந்தேன், எழுத உட்கார்ந்தப்பதான் புரிஞ்சுது எல்லாம் முட்டுக் கொம்பு. ட்ரோப்பை, அதாவது இந்தப் பழகின உத்திகளை, குறை சொல்லல, எனக்கு அந்த ஒரே கட்டில் இன்னிக்கும் பிடிக்கும். ஆனா ஒரு கதைக்கு எத்தனை கட்டில் போடுவீங்க?

உயிருக்கு ஆபத்துன்னு ஒண்ணு இல்லாத உலகத்துல சண்டைக்குக் கெடைக்கறது தப்பாப் புரிஞ்சுக்கறது ஒண்ணுதான். நான் 5ஆவது சாப்டர்ல ஒரு தடவை பண்ணினேன், 8ல இன்னொரு தடவை, 11ல மூணாவது தடவை. ரெகுலரா கமெண்ட் போடற ஒருத்தர் அதுக்குக் கீழ எழுதினது ஒரே வரி: "இது ஒரு ஃபோன் கால்ல முடியற மேட்டர்தானே?" அதைப் படிச்சதும் லேப்டாப்பை மூடி வெச்சவதான்.

இன்னொண்ணு, கேரக்டர் நழுவறது. கேனன் பக்கத்துல இருந்தா அது ஒரு தூக்குநூல் மாதிரி, சுவர் சாயுதான்னு வெச்சுப் பார்த்துக்கலாம். ஏயூல நம்ம முந்தின சாப்டரை வெச்சுத்தான் அடுத்த சாப்டரைப் பார்க்கறோம், அது ஏற்கனவே கொஞ்சம் சாஞ்சிருக்கும், அடுத்தது இன்னும் கொஞ்சம். எனக்கு பீட்டா பார்க்கற, அதாவது போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி படிச்சுத் திருத்தித் தர்ற தோழி 9ஆவது சாப்டர் ஓரத்துல "பேரை எடுத்துட்டா இது யாருடி?"ன்னு எழுதி அனுப்பினா. மூலக்கதையில எரிஞ்சு விழறவன் என் கதையில எல்லாருக்கும் போர்வை போர்த்தி விட்டுட்டிருந்தான். போதாததுக்குக் கடையில வேலை பார்க்க ஆள் வேணும், சொந்தமா கேரக்டர் போடணும், போட்டதும் மேரி சூ பயம் வந்துடும். 1973ல ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் போட்ட ஒரு ஃபேன்சீன்ல (ரசிகர் சிற்றிதழ்) பாலா ஸ்மித் கிண்டலுக்கு எழுதின சின்னக் கதையோட நாயகி பேர் அது, ஒரு குறையும் இல்லாம எல்லாரும் பாராட்டற பொண்ணு. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தப் பேரு நம்மளை மிரட்டிட்டிருக்கு.

நியாயமா சொல்லணும்னா, இந்த நழுவலுக்கு ஒரு லாபமும் உண்டு, ரீசேல் வேல்யூ! பேரையும் ஒட்டு மொத்த அடையாளத்தையும் தேய்ச்சு எடுத்துட்டா ஏயூ சொந்த நாவலா நிக்கும், ஒரு வாம்பயர் காதல் கதைக்கு வாம்பயரே இல்லாம எழுதின ஏயூ அப்படித்தான் 2011ல பேர் மாறி புத்தகமா வந்து உலகம் பூரா வித்துச்சு. டைவர்ஜென்ஸை அப்படி விக்க முடியாது, மூலக்கதையை உருவினா ஒண்ணும் மிஞ்சாது. புத்தகம் போடணும்ங்கற கனவு இருந்தா நான் சொல்றதைக் கேக்காம ஏயூவுக்கே போங்க.

இப்ப என் கட்சிக்கு வர்றேன். ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில வர்ற ரைஷன்பாக் அருவியையே எடுத்துக்கோங்க. 1893ல வந்த அந்தக் கதையில, ஹோட்டல்ல ஒரு இங்கிலீஷ் அம்மா சாகக் கெடக்காங்கன்னு ஒரு பொய்க் கடிதம் வருது, டாக்டர்ங்கறதால வாட்சன் திரும்பிப் போறார், அவர் இல்லாத நேரத்துல ஹோம்ஸோட பரம எதிரி மோரியார்ட்டி வந்துடறான், ரெண்டு பேரும் அருவியில விழுந்து செத்துட்டதா வாட்சன் நம்பிடறார். இங்க ஒரே ஒரு ஆணி: வாட்சன் போகல. அவ்வளவுதான் நான் யோசிக்கணும், மிச்சத்தைக் கேனனே கேக்கும். சிகரெட் கேஸுக்கு அடியில ஹோம்ஸ் எழுதி வெச்ச கடிதம் இருக்காது, சரி, அப்ப அதுல சொன்ன விஷயம் எல்லாம் வாட்சனுக்கு எப்படித் தெரியும்? மூணு வருஷம் செத்தவரா நடிச்சது நடக்குமா? நடக்கலன்னா ஊருக்குத் திரும்பினதும் மிச்ச கூட்டாளிங்க என்ன பண்ணுவாங்க? ஒவ்வொரு கேள்வியும் ஒரு சாப்டர். முட்டுக் கொம்பு தேட வேண்டிய வேலையே இல்ல, ஏற்கனவே நிக்கற வீட்ல ஒரு தூணை எடுத்திருக்கோம், எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் ஓடினாப் போதும்.

இதுக்கும் பராமரிப்பு உண்டு, இல்லன்னு சொன்னா பொய். நான் ஒரு ஷீட் வெச்சிருந்தேன், மூணு வரிசை: கேனன்ல என்ன நடந்துது, இங்க அது நடக்குமா, யாருக்கு எப்ப தெரியும். முதல் ரெண்டும் ஒரு வாரத்துல முடிஞ்சுது, மூணாவதுதான் உயிரை எடுத்துது. 19ஆவது சாப்டர்ல ஒருத்தி தன் அண்ணன் செத்ததை நினைச்சு ரெண்டு பாரா அழறா, நல்லாத்தான் எழுதியிருந்தேன், பிரச்சனை என்னன்னா என் கதையில அந்த அண்ணன் சாகவே இல்ல, 4ஆவது சாப்டர்ல நானேதான் காப்பாத்தி விட்டேன். போஸ்ட் பண்ணி ஒரு மணி நேரத்துல ஒருத்தர் கண்டுபிடிச்சுட்டார். ஹோம்ஸ் கதைகளை எழுதின கானன் டாயிலே வாட்சனுக்குக் குண்டடி பட்ட இடத்தை ஒரு நாவல்ல தோள்னும் அடுத்த நாவல்ல கால்னும் எழுதினார், 1891ல வந்த ஒரு கதையில ஜான் வாட்சனை அவர் மனைவியே ஜேம்ஸ்னு கூப்பிடுவாங்க. அவருக்கு மன்னிப்பு கிடைச்சுது, அதுக்கு விளக்கம் கண்டுபிடிக்கவே ஒரு கூட்டம் கெளம்புச்சு. நமக்கு கிடைக்கறது "ம்ம்?"னு ஒரு கமெண்ட்.

டைவர்ஜென்ஸ் வேண்டாம்னு சொல்றவங்க எல்லாரும் காட்டற பூச்சாண்டி ஒண்ணு இருக்கு, ஜாஸ் ஆகறது. நாம ஒண்ணு எழுதிட்டிருப்போம், சீரிஸ்ல அடுத்த எபிசோட் வந்து அதைப் பொய்யாக்கிடும், பஃபி சீரிஸை உருவாக்கின ஜாஸ் வீடன் பேர்லேருந்து வந்த வார்த்தை. ஏயூவுக்கு இந்தப் பயமே கிடையாது, அது நிஜமான பாயிண்ட். ஆனா நான் அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது என்னன்னா, நாம ஆணியைப் பிடுங்கின இடத்துக்கு அப்புறம் கேனன்ல என்ன நடந்தாலும் நமக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்குத்தானே பிரிஞ்சு வந்தோம். யாரு யாரைக் கட்டிக்கிட்டா என்ன, யாரு செத்தா என்ன, அது அந்த வீட்டு விவகாரம். நம்மளை உடைக்கறது பின்னாடி நடக்கறது இல்ல, முன்னாடியே நடந்துட்டதா புதுசா சொல்றது. அதே அருவிதான்: 1893ல கதையைப் படிச்சுட்டு ஒருத்தர் உடனே "வாட்சன் போகல"ன்னு எழுதியிருந்தா, பத்து வருஷம் கழிச்சு 1903ல ஹோம்ஸ் திரும்பி வர்ற கதையில, அன்னிக்கு அருவிக்கு மேல மோரியார்ட்டியோட கூட்டாளி ஒருத்தன் நின்னு பாறையை உருட்டிவிட்டான்னு வந்திருக்கு. அவன் பிரியற இடத்துக்கு முன்னாடியே மேல வந்து நின்னவன்தானே, அப்ப உங்க கதையிலயும் நின்னுட்டுத்தான் இருக்கணும், கீழ ரெண்டு தலை தெரியுது, நீங்க அவனைக் கணக்குல எடுக்கவே இல்ல. எனக்கு நடந்ததும் இதேதான், ஓடிட்டிருந்த சீரிஸ்ல ஃபிளாஷ்பேக் ஒண்ணு வந்து 14 சாப்டருக்கு அடியில இருந்த மண்ணை உருவிடுச்சு. "மூணாவது சீசன் வரைக்கும்தான் கேனன்"னு மேல ஒரு குறிப்புப் போட்டுட்டு தொடர்ந்து எழுதினேன், ஒருத்தரும் கோச்சுக்கல. முடிஞ்சுபோன கதையை எடுத்தா அந்தத் தொல்லையும் இல்ல.

மத்த வகை எல்லாம் எனக்கு நுனிப்புல்தான். கிராஸோவர் (ரெண்டு வேற கதைகளைக் கலக்கறது) ஒண்ணே ஒண்ணு எழுதினேன், ரெண்டு ஃபேண்டமும் தெரிஞ்சவங்க மட்டும்தான் வந்தாங்க, விரல் விட்டு எண்ணிடலாம். ஓமெகாவெர்ஸ் (மனுஷங்களை ஆல்ஃபா, ஓமெகான்னு பிரிக்கற கற்பனை உலகம்) படிச்சிருக்கேன், எழுதினதில்ல, அதனால வாயைத் திறக்க மாட்டேன். சோல்மேட் ஏயூல உலகத்தோட விதியே ரெண்டு பேரையும் கட்டிப் போட்டுடறதால நான் மேல சொன்ன முட்டுக் கொம்பு பிரச்சனை குறையும்னு தோணுது, எழுதினவங்க சொன்னாத்தான் நிச்சயம். ஹர்ட் கம்ஃபர்ட் (ஒருத்தர் கஷ்டப்பட இன்னொருத்தர் ஆறுதல் தர்றது), ஸ்லோ பர்ன் (மெதுவா வளர்ற காதல்) இதெல்லாம் ரெண்டு பக்கமும் ஒட்டும், அங்க வித்தியாசம் பெருசா இல்ல. டேக் விஷயத்துல மட்டும் ஏமாத்தாதீங்க, ஸ்லோ பர்ன்னு போட்டுட்டு மூணாவது சாப்டர்ல முத்தம் கொடுத்தா திட்டுவாங்க, முக்கிய கேரக்டர் சாகறதுன்னா அதுக்குன்னு இருக்கற எச்சரிக்கையைப் போடுங்க, இல்ல எச்சரிக்கை எதுவும் தரலைன்னு சொல்ற ஆப்ஷனையாவது தேர்ந்தெடுங்க.

அந்தக் காஃபி ஷாப் கதைக்கு நேத்துகூட ஒரு குடோஸ் வந்துது, யாரு என்னன்னு தெரியல. 11ஆவது சாப்டர் கடைசி வரியில ஒருத்தன் கடை மூடற நேரத்துல கதவுல கைய வெச்சுட்டு நிக்கறான். வெளிய போகவும் அவனுக்கு ஒரு காரணம் இல்ல, உள்ள வரவும் இல்ல, ரெண்டு வருஷமா அப்படியேதான் நிக்கறான்.