ஏ2 போல்ட்டா, ஏ4 போல்ட்டா?

ஏ4 என்றதும் 210 × 297 மில்லிமீட்டர் தாள்தான் நினைவுக்கு வரும். சிலருக்கு ஆடி கார். ஏ2 ஐரோப்பிய மொழித் தேர்வில் ஒரு நிலை. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டில் கதையே வேறு: அங்கே ஏ2, ஏ4 இரண்டும் எஃகின் வகைகள்.

சேர்மானம்: ஏ2வில் குரோமியம், நிக்கல்; ஏ4இல் கூடவே மாலிப்டினம்.
உப்புக்காற்று: ஏ2வில் பழுப்புப் புள்ளிகள் வரும், ஏ4 நன்றாகத் தாங்கும்.
விலை: ஏ4 கூடுதல்.

ஏ4தான் வலிமை அதிகம் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். போல்ட்டின் தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், ‘ஏ2-70’ என்று பொறித்திருக்கும். அந்த 70தான் வலிமை, அதாவது இழுத்தால் அறாமல் தாங்கும் அளவு 700 மெகாபாஸ்கல் (விசையை அளக்கும் ஓர் அலகு, பரப்புக்கு இவ்வளவு என்று). ஏ4-70க்கும் அதே வலிமைதான். காந்தம் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எழுத்தைப் படித்தே ஆகவேண்டும்.

வீட்டுக்குள் அலமாரி, கைப்பிடி என்றால் ஏ2 போதும். கடலோரம், படகு என்றால் யோசிக்காமல் ஏ4 வாங்குங்கள்.