ஈமாக்ஸ் குறுக்குவிசைகள்: குளோபல்-செட்-கீயா, யூஸ்-பேக்கேஜா?

ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தி தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்புதான் இனிட் கோப்பு. போன மாதம் என்னுடையதைத் திறந்து பார்த்தால், குறுக்குவிசை வைக்கும் குளோபல்-செட்-கீ என்று தொடங்கும் வரிகளே நாற்பதுக்கு மேல். பாதி எதற்குப் போட்டேன் என்று நினைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும், பேக்கேஜ் எனப்படும் கூடுதல் நிரல்களின் அமைப்புகளை எழுத உதவும் யூஸ்-பேக்கேஜின் பைண்ட் (விசை வைக்கும்) முறைக்கு மாற்றினேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப்போவதில்லை.

குளோபல்-செட்-கீக்கு எளிமைதான் பலம். விசை, கட்டளை, ஒரே வரி, வேலை முடிந்தது. எவ்வளவு பழைய பதிப்பிலும் ஓடும். 2023 ஜூலையில் வந்த ஈமாக்ஸ் 29இல் இதற்குக் கீமேப்-குளோபல்-செட் என்று ஒரு தம்பி பிறந்திருக்கிறது. விசையின் பெயரைத் தப்பாக எழுதினால் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். பழைய முறையை விட மனமில்லாதவர்கள் இதற்காவது மாறலாம்.

குளோபல் என்ற பெயரை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஈமாக்ஸ் ஒரு விசைக்குப் பொருள் தேடும்போது முதலில் மைனர் மோடுகளின் (வேண்டும்போது போட்டு அணைக்கும் கூடுதல் வசதிகள்) கீமேப்பைப் பார்க்கும், அதாவது எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்ற பட்டியலை. அப்புறம் மேஜர் மோடு (கோப்பின் வகைக்கேற்ற முதன்மை அமைப்பு), குளோபல் கடைசியில்தான். கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-சி-யை வரிகளைக் கமென்ட் (ஓடாத குறிப்பு) ஆக்க வைத்திருந்தேன். பைதான் மோடில் அதே விசை கோப்பு முழுவதையும், நிரலை ஓட்டும் பைதான் ஷெல்லுக்கு அனுப்பும். ஷெல் திறந்திருந்தது, கோப்புகளுக்குப் பெயர் மாற்றும் என் ஸ்கிரிப்ட் அப்படியே ஓடிவிட்டது. சோதனைக் கோப்புறை என்பதால் பிழைத்தேன். இதில் ஈமாக்ஸ் மேல் குற்றம் இல்லை. கன்ட்ரோல்-சி-யும் அதன்பின் ஓர் எழுத்தும், எஃப்5 முதல் எஃப்9 வரையிலான விசைகளும் பயனருக்கே என்று கையேடு தெளிவாகச் சொல்கிறது. எந்த முறையில் எழுதினாலும் அந்த எல்லைக்குள் இருப்பது நல்லது.

யூஸ்-பேக்கேஜ், ஜான் வீக்லி எழுதியது. ஈமாக்ஸ் 29 முதல் கூடவே வருகிறது. ஒரு பேக்கேஜின் அமைப்புகளும் அதன் விசைகளும் ஒரே இடத்தில் இருக்கும். குறிப்பிட்ட மோடின் கீமேப்பில் மட்டும் விசை வைப்பதும் இங்கே சுலபம்.

ஆனால் நான் மாறியது பராமரிப்புக்காக. டிஸ்கிரைப்-பெர்சனல்-கீபைண்டிங்ஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. நீங்கள் பைண்ட் வழியாக வைத்த விசைகளை அட்டவணையாகக் காட்டும். அந்த விசையில் முன்பு எந்தக் கட்டளை இருந்தது, பின்னால் வேறு ஏதாவது வந்து உங்களுடையதை மாற்றிவிட்டதா என்பதும் பக்கத்திலேயே இருக்கும். கன்ட்ரோல்-எச் பி அழுத்தினாலும் பட்டியல் வருமே என்பீர்கள். வரும், நூற்றுக்கணக்கான வரிகளோடு. அதில் என்னுடையது எது என்று நான்தான் தேட வேண்டும். இரண்டு வருடம் கழித்து இனிட் கோப்புக்குத் திரும்பி வருகிறவனுக்கு முதல் அட்டவணைதான் உதவும். அதைப் பார்த்துத்தான் ஒன்பது விசைகளைத் தூக்கினேன். அவற்றில் இரண்டு, ஈமாக்ஸின் நல்ல கட்டளைகளைச் சும்மா மறைத்துக்கொண்டு கிடந்தன. குளோபல்-செட்-கீயில் வைத்தவை இந்த அட்டவணையில் ஏறாது. மாறினால் மொத்தமாக மாறுங்கள். பாதி அங்கே, பாதி இங்கே என்றால் பயனில்லை.

குறையும் உண்டு. பைண்ட் போட்டாலே, அந்த விசையை அழுத்தும்வரை பேக்கேஜ் ஏறாமல் காத்திருக்கும். பேக்கேஜ் ஏறியபின் ஓடும் கான்ஃபிக் பகுதியில் எழுதியதும் அதுவரை நடக்காது. 'அமைப்பு ஏன் வேலை செய்யவில்லை' என்று முதல் நாள் அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று. இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகையில் இருந்தால், இந்த இரண்டில் எதில் வைத்த குறுக்குவிசையும் பல நேரம் எடுபடாது. ஈமாக்ஸுக்குப் போவது தமிழ் எழுத்து. கன்ட்ரோல்-பின்சாய்கோடு அழுத்தி ஈமாக்ஸின் சொந்த உள்ளீட்டு முறையில் எழுதினால் தொல்லை இல்லை.

மூன்றாவது வழியும் இருக்கிறது: எல்லா விசைகளையும் சொந்தமாக ஒரு மைனர் மோடில் போட்டுவிடுவது. மேஜர் மோடுகளை முந்தும், வேண்டாதபோது அணைத்துவிடலாம். இரண்டு வாரம்தான் வைத்திருந்தேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். வேறு மைனர் மோடுகளோடு அது மோதும்போது யார் முந்துவார்கள் என்பது எனக்கு இன்னும் கைவரவில்லை.