தன் சிங் தாப்பாவும் மனோஜ் குமார் பாண்டேயும்: இரு கோர்க்கா அதிகாரிகள்

இருவருமே இந்தியாவின் மிக உயரிய போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ரா பெற்றவர்கள் என்றாலும், மனோஜ் குமார் பாண்டேயின் பணிக்காலம் சில ஆண்டுகளே. இந்திய ராணுவத்தின் 11ஆம் கோர்க்கா ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் முதல் பட்டாலியனில் சேர்ந்த அவர், 1999 ஜூலை 3 அன்று கார்கில் போரில், காலூபார் மலைமுகட்டில் தோளிலும் காலிலும் குண்டடிபட்ட பிறகும் எதிரியின் பதுங்குகுழிகளை ஒவ்வொன்றாகத் தாக்கி, 24 வயதில் உயிர்நீத்தார்.

1928இல் சிம்லாவில் பிறந்த மேஜர் தன் சிங் தாப்பாவின் கதை அவ்வளவு நேரானதன்று. 1962 அக்டோபர் 20 அன்று, இந்திய-சீனப் போரில், லடாக்கிலுள்ள பாங்காங் ஏரியின் வடகரையில் அவர் காத்துநின்ற சிரிஜாப் என்ற ராணுவக் காவல் நிலையைச் சீனப் படை பீரங்கிகளால் நொறுக்கியது. தோட்டா தீர்ந்தபின் பதுங்குகுழியிலிருந்து வெளியேறிக் கைகலப்பில் இறங்கிய அவர் மாண்டதாகவே கருதப்பட்டு, விருதும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. உண்மையில் அவர் போர்க்கைதியாகியிருந்தார். விடுதலையாகி 1963இல் நாடு திரும்பி, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்று, 2005இல் காலமானார்.

ஒருவர் மலையேறித் தாக்கியவர், மற்றவர் இருந்த இடத்தைக் காத்தவர். பாண்டேயைப் பலர் அறிவர். எனினும், தோல்வியில் முடிந்த போரில், மீட்புக்கு வழியற்ற நிலையில் நின்ற தாப்பாவின் சோதனையே கடுமையானது என்பது என் கருத்து.