பிறந்த அன்றைய எண்களா, வளர்ச்சிப் பரிசோதனையா?

சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கும் என் தங்கைக்கு 34 வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. "அக்கா, பிறந்ததும் போட்ட அப்கார் மதிப்பெண் பத்துக்கு ஆறுதான். பின்னால் பேச்சு ஒழுங்காக வருமா?" இதே கேள்விதான் தினமும்.

எது எதைக் காட்டும்?
அப்கார்: அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952இல் வகுத்தது. இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், அனிச்சைச் செயல், தோல் நிறம், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண் வரை. பிறந்த 1, 5 நிமிடங்களில் உடனே உதவி வேண்டுமா என்று பார்க்கத்தான், ஜாதகம் இல்லை. குறைமாதமும் குறைந்த எடையும் கொஞ்சம் கனமான குறிப்புகள். ஆனால் அவையும் வாய்ப்பைச் சொல்லுமே தவிர, இந்தக் குழந்தையைச் சொல்லாது.
பரிசோதனை: தலை நிற்கிறதா, தவழ்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பிள்ளையையே பார்க்கிறார்கள். குறைமாதப் பிள்ளைக்கு 2 வயது வரை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். இதை மறந்துதான் எங்கள் அம்மா வீட்டையே கலவரமாக்கினார்!

செலவு?
முதலாவது கையிலேயே இருக்கிறது. இரண்டாவதும் குடிமக்களின் பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகத்தில் இலவசம். காத்திருப்பு மட்டும் உண்டு.

ஆய்வாளருக்குப் பிறப்பு விவரம் தங்கம். 2009இல் இங்கே தொடங்கிய கஸ்டோ (GUSTO) என்ற தாய்சேய் ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரைக் கர்ப்பகாலத்திலிருந்தே பின்தொடர்ந்தது. பெற்றோருக்கோ, யாரை அதிகக் கவனமாகப் பார்க்கவேண்டும் என்று அறிய அது போதும். பேச்சு வருமா என்ற கவலைக்குப் பரிசோதனைதான். தங்கையிடம் பரிசோதனைக்கு அடுத்த தேதியை வாங்கச் சொல்லிவிட்டேன்.