பள்ளிக்கு ஒரு தேவை: மேலாண்மைக் குழுவா, கிராம சபையா?

கழிப்பறை, சுற்றுச்சுவர், தெருவிளக்கு என்று எதை எங்கே தீர்மானமாகப் போடுவது? தமிழகக் கிராமங்களில் பெற்றோர் குழம்பும் இடம் இது.

யார் பேசலாம்?
குழு: 2009 கல்வி உரிமைச் சட்டப்படி முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம்.
சபை: ஊராட்சி வாக்காளர் எவரும்.

எப்போது?
குழு: மாதக் கூட்டம்.
சபை: ஆண்டுக்கு 6 முறை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

எங்கே சறுக்கும்?
குழுவில், தலைமையாசிரியர் எழுதி வைத்ததில் கையெழுத்து மட்டும் வாங்கும் பழக்கம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் ஏறாத கோரிக்கை பேச்சோடு நின்றுவிடும்.
சபையில், குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வரவேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை என்றால் 100 பேர் வேண்டும். கூட்டம் ஊர்த்தெருவிலேயே நடந்தால் காலனிக்காரர்கள் தயங்குவார்கள். இடத்தைச் சுழற்சியில் மாற்றக் கேளுங்கள்.

தீர்மானத்தின் வாசகம்தான் பாதி வேலை. “சுற்றுச்சுவர் வேண்டும்” என்பது போதாது. எந்தப் பக்கம், எத்தனை மீட்டர், புல எண் என்ன, ஆக்கிரமிப்பு உண்டா என்று எழுதுங்கள். நகல் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

இடைநிற்றல், ஆசிரியர் வருகை, மதிய உணவு, சிறு பழுது: குழு. குடிநீர் இணைப்பு, பாதை, தெருவிளக்கு: சபை. சுற்றுச்சுவருக்கு முதலில் குழுத் தீர்மானம், அதை இணைத்து சபைத் தீர்மானம்.