இரண்டு இடக்கைகள்: ஒன்பது வருடக் கொக்கியும் பதினான்கு மாத மயோ கையும்

இடக்கை போனது ஒன்பது வருடங்களுக்கு முன்பு, அச்சு இயந்திரத்தில். முழங்கைக்குக் கீழே நான்கு விரல்கடை மிச்சம். அந்த மிச்சத்துக்கு இதுவரை இரண்டு கை வாங்கியாயிற்று. முதலாவது, கேபிளில் இயங்கும் இரும்புக் கொக்கி. இரண்டாவது, பதினான்கு மாதத்துக்கு முன் வந்த மயோ கை, அதாவது தசையின் மின்சாரத்தைக் கேட்டு மோட்டாரில் இயங்கும் கை. ஐந்து விரலும் தனித்தனியாக மடங்கும், மேலே தோல் நிறத்தில் உறை. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் பாதி என் உடம்பின் குறை, மீதி இந்த வகைக் கை எல்லாவற்றுக்கும் பொது.

மிச்சக் கை நுழையும் கூட்டுக்குச் சாக்கெட் என்று பெயர். அதன் உள்பக்கம் இரண்டு எலக்ட்ரோடுகள் தோலோடு ஒட்டி உட்காரும். தசை சுருங்கும்போது எழும் மிகச் சிறிய மின்சாரத்தை அவை பிடித்துக்கொள்ளும். இல்லாத மணிக்கட்டை உள்ளே மடக்குவதாக நினைத்தால் கை மூடும், வெளியே மடக்குவதாக நினைத்தால் திறக்கும். இரண்டு தசையையும் ஒருசேரச் சட்டென்று இறுக்கினால் பிடி மாறும்.

நான் இதை வாங்கியதற்குக் காரணம் வேலை இல்லை, வலி. போன கை முழுசாகப் போகவில்லை. முஷ்டி மடக்கியபடி, கட்டைவிரல் நகம் உள்ளங்கையில் குத்தியபடி அங்கேயே இருந்தது. போரில் கை கால் இழந்தவர்களிடம் இதைக் கேட்டறிந்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-லேயே இதற்கு மாய உறுப்பு என்று பெயர் வைத்துவிட்டார். நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் தொண்ணூறுகளில் கொண்டுவந்த கண்ணாடிப் பெட்டி முறையை, அதாவது இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் பார்ப்பதை, நானும் செய்து பார்த்தேன். முஷ்டி கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான். மயோ கையை முதல்முறை மாட்டி, அதையே பார்த்துக்கொண்டு திறந்தபோது, உள்ளே இருந்த முஷ்டியும் கூடவே பிரிந்தது. ஒவ்வொரு விரலாக. அன்றைக்கு அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். இந்த ஒன்றுக்காகவே இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆனால் "பார்த்துக்கொண்டு" என்பதில்தான் சிக்கல். பார்வையை எடுத்ததும் அது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. எதையாவது பிடித்திருக்கிறதா, நழுவவிட்டதா, எல்லாவற்றையும் கண்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் காதும் உதவும், மோட்டார் சத்தம் இழுத்து நின்றால் பிடி இறுகிவிட்டது என்று அர்த்தம். இருட்டில் ஜன்னல் கொக்கியைத் தேடும்போது அது என் கை இல்லை, தோளில் தொங்கும் ஒரு சாமான்.

எடையும் அப்படித்தான். முழங்கைக்குக் கீழே உள்ள கை, உடம்பின் எடையில் இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். என் 62 கிலோவுக்குக் கணக்குப் போட்டு, மிச்சமிருக்கும் நான்கு விரல்கடையைக் கழித்தால், போன எடையும் வந்த எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். தராசு அப்படிச் சொல்கிறது. மாலை ஐந்து மணிக்கு என் தோள் அதை ஒத்துக்கொள்வதில்லை. சொந்தக் கையை எலும்பு தாங்கியது, இதைத் தோல் தாங்குகிறது. வியர்த்தால் எலக்ட்ரோடு வழுக்கும். அப்புறம் தலைக்கு மேல் கையைத் தூக்கினால், தசை வேறு மாதிரி இழுபட, கை தானாகத் திறந்துகொள்ளும். பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கும்போது அப்படித் திறந்தது. பெட்டி என் தலையில்.

உறையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பி.வி.சி. உறை அழகாக இருக்கும், ஆனால் நாளிதழின் மையையும் புது ஜீன்ஸின் சாயத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவினால் போகாது. நரம்பு, நகம், விரல் ரேகை எல்லாம் அச்சு அசல். நகம் மட்டும் வளராது. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இல் மனித உருவை நெருங்க நெருங்க வரும் அந்த அருவருப்பைப் பற்றி எழுதியபோது காட்டிய உதாரணங்களில் செயற்கைக் கையும் ஒன்று. என் மனைவி அதைப் படித்ததில்லை. "ராத்திரி மேசையில வைக்காதீங்க, யாரோ வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். கொக்கி வருடக்கணக்காகக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, அதை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சரி, கொக்கிக்கு வருவோம். மர ஆலையில் தன் கையை இழந்த டோரன்ஸ் என்பவர் 1912-இல் காப்புரிமை வாங்கிய இரட்டைக் கொக்கி, இன்றும் ஏறக்குறைய அதேதான். தோளை முன்னே தள்ளினால் கேபிள் இழுத்துத் திறக்கும், விட்டால் ரப்பர் வளையம் மூடும். பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வலது அக்குளில் ஓடும் வார் இழுக்கும் இழுப்பே சொல்லிவிடும், கண் வேண்டாம். வலக்கை நகத்தை ராவுவது ஒற்றைக் கைக்காரனுக்கு எவ்வளவு பெரிய பாடு என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அரத்தைக் கொக்கியில் கவ்வக் கொடுத்து விரலை அதன்மேல் தேய்க்கிறேன். நகம் எந்த இடத்தில் பிசிறடிக்கிறது என்பது தோள்வரை வந்து சேரும். மயோ கையில் அதே அரம் மெதுவாகச் சாய்ந்துகொண்டே போகும், நான் பார்த்தால்தான் உண்டு. கொக்கியின் குறை அந்த வார்தான். அக்குளை அறுத்துக் காய்ப்பு விழ வைத்துவிட்டது.

செயற்கைக் கையை மூளை எப்படிப் பார்க்கிறது என்று நரம்பியல் ஆய்வாளர் டமார் மேக்கினின் ஆய்வுக்குழு 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அன்றாடம் மாட்டுகிறவர்களின் மூளை அதைக் கையோடும் சேர்க்கவில்லை, கருவியோடும் சேர்க்கவில்லை, தனி இனமாக வைத்திருக்கிறது. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் என் வாய் வேறு கணக்கு வைத்திருக்கிறது. போன மாதம் மயோ கை பழுதுக்குப் போனது. மூன்று வாரம். யாராவது கேட்டால் "மெஷின் சர்வீசுக்குப் போயிருக்கு" என்றேன். அதற்கு நடுவில் ஒரு காலை, கொக்கியின் கேபிள் பட்டென்று அறுந்தது. மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னது இது: "ஏய், என் கை அறுந்துபோச்சு!" அடுப்படியிலிருந்து அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து, என் வலக்கையைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தாள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: முஷ்டி வலி இருந்தால் மயோவை ஒரு வாரமாவது மாட்டிப் பாருங்கள். வேலைக்கு என்றால் கொக்கி. கேபிள் மட்டும் இரண்டாக வாங்குங்கள். நான் இப்போது ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.