வெல்கம் விகாரை: திருகோணமலைக்குப் போனால் தவறவிடாதீர்கள்

கோணேசர் கோயில், நிலாவெளி முடிந்ததும் பலரும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். பெரியகுளத்துப் பக்கம் உள்ள வெல்கம் விகாரைக்கு ஒரு காலையை ஒதுக்குங்கள். எங்கள் ஆட்கள் நாதனார் கோயில் என்று சொல்லும் இடம் அது.

முதலாம் இராசராச சோழன் காலத்தில் இதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். பள்ளி என்றால் இங்கே பௌத்த விகாரை; 11ஆம் நூற்றாண்டில் தமிழ்ப் பௌத்தர்கள் கும்பிட்ட இடம். நெய் விளக்கெரிக்கவென்று பசுக்களைக் கொடுத்ததை அவர்கள் தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். புத்தர் சிலை இருக்கும் சிலை மனையின் அடித்தளத்தைச் சுற்றி வந்து பாருங்கள். வரிவரியாகச் செதுக்கிய கல் வேலை, சோழர் கோயில் அடித்தளம் போலவே இருக்கும். எனக்கு நின்றிருக்கும் புத்தர் சிலையைவிட இதுதான் பிடித்தது. அப்பாவின் அக்காவோடு போயிருந்தேன். மாமி கல்வெட்டில் 'ராஜ' என்ற எழுத்தைத் தேடிக்கொண்டே நின்றார்.

எழுத்துகள் தேய்ந்திருப்பதால், விஷயம் தெரிந்த ஒருவரோடு போனால் நல்லது. பாதணி கழற்ற வேண்டும், மதியத்தில் கல் சுடும். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு போடுங்கள், தண்ணீரும் கொண்டுபோங்கள். ஓட்டோவில் போகிறவர்கள் திரும்பி வருவதற்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள்.